ரேழியிலிருந்து கொல்லைவரை: கும்பகோணத்து வீடு ஒன்றில் நெட்வொர்க் அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 பிப்ரவரியில், மாசி மகத்துக்கு முந்தின வாரம், கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம் என்னை அழைத்தது. பழைய தெருவீடு. அகலம் 20 அடி, நீளம் 140 அடி. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, முற்றத்தோடு கூடம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை. கொல்லைக் கோடியில் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் கூரை போட்ட ஓர் அறை. குறுக்குச் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர்.

வீட்டில் ஐந்து பேர். 2021இல் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பியவர்கள். கணவருக்கு மாலை ஆறு மணியிலிருந்து பின்னிரவுவரை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வேலை. அதற்குத்தான் கொல்லை அறை. மனைவி இரண்டாம் கட்டில் உட்கார்ந்து இணையவழியில் கணக்கு வகுப்பு எடுக்கிறார். காலை ஐந்தரைக்கு அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகள், இரவு ஏழுக்கு வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள். அவர்களுடைய மகன் ஒன்பதாம் வகுப்பு. கணவரின் அப்பா, அம்மா. இரண்டு சம்பாத்தியமும் ஒரு கண்ணாடி இழையில் தொங்கும் வீடு என்று சொன்னால் மிகையில்லை.

மூன்று வருடத்தில் இவர்கள் இணையத் திட்டத்தை 50 எம்பிபிஎஸிலிருந்து (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) 100க்கும், அங்கிருந்து 300க்கும் ஏற்றியிருந்தார்கள். ரவுட்டரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். சுவருக்கு ஒன்றாக, வைஃபையை நீட்டும் எக்ஸ்டெண்டர்கள் மூன்று மாட்டியிருந்தார்கள். புகார் மட்டும் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவர்கள் அனுமதியோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

முதல் நாள்: எதையும் தொடவில்லை

"சார், ஸ்பீடு டெஸ்ட் போட்டா 90 காட்டுது. ஆனா க்ளாஸ் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல குழந்தைங்க முகம் அப்படியே நின்னுடுது. நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல" என்றார் அந்த அம்மா. கணவரின் குறை வேறு: அவருக்குப் பேச்சு நிற்பதில்லை, இணைப்பே அறுந்து திரும்ப ஒட்டும். பெரியவருக்கு, கரண்டு போய் வந்தால் டிவியில் தொடர் பாதியில் நின்றுவிடும்.

மூன்று பேர் சொன்னதும் ஒரே கோளாறு போல ஒலித்தது. வீடுகளுக்கு நெட்வொர்க் அமைக்கும் இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். அப்படி ஒலிப்பதை நம்பி ஏமாந்த வீடுகள் உண்டு. அதனால் அன்று எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. ஒரு நோட்டு வைத்து ஐந்து நாள் எழுதச் சொன்னேன்: தேதி, நேரம், எந்த அறை, என்ன நடந்தது, அப்போது கரண்டு போனதா.

ஐந்து நாள் கழித்து அந்த நோட்டைக் கையில் கொடுத்தார்கள். பின்பக்கம் பால் கணக்கு, முன்பக்கம் நெட் கணக்கு. 31 பதிவுகள். அதைக் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததில்தான் பாதி வேலை முடிந்தது. 31இல் 9, கரண்டு போன அதே நிமிடம். 11, கொல்லை அறையில் எந்நேரமும் சிதறிக் கிடந்தன. மீதி 11இல் 8, இரவு ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில், இரண்டாம் கட்டில் மட்டும். ஒரு கோளாறு இல்லை, மூன்று.

அளந்து பார்த்தது: தெருவிலிருந்து உள்ளே

நெட் ஒரே குழாய் இல்லை. தெருவிலிருந்து மோடம் ஒரு துண்டு. மோடத்திலிருந்து ரவுட்டர் ஒரு துண்டு. ரவுட்டரிலிருந்து நீங்கள் உட்காரும் இடம் இன்னொரு துண்டு. கையில் இருக்கும் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் மூன்றும் சேர்ந்த கணக்குதான் வரும். எந்தத் துண்டில் ஓட்டை என்று அது சொல்லாது. அதனால் ஒவ்வொரு துண்டாக அளந்தேன்.

முதல் துண்டு ஃபைபர். வீட்டில் எல்லோரும் மோடம் என்று சொல்லும் பெட்டி, தொழிலில் ஓஎன்டி. அது ரேழியில் மீட்டர் பலகைக்கு மேலே இருந்தது. அதன் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு -26.8 டிபிஎம் என்று இருந்தது. டிபிஎம் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். இந்த வகை இணைப்பில் -27ஐ ஒட்டியதுதான் கடைசி எல்லை. அதைத் தாண்டினால், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிவிடும். -20க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. இந்த வீடு விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

கம்பியைத் தொட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தேன். திண்ணைத் தூணில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டிய இடத்தில் ஃபைபர் சுண்டுவிரல் வளைவுக்கு மடங்கியிருந்தது. கண்ணாடி இழையை அப்படி மடக்கினால் உள்ளே ஓடும் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். கம்பி அறுந்திருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் லைன்மேன் வந்தார். மடங்கிய இடத்தை வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டு போட்டு, அகலமான வளையமாகச் சுற்றி மாட்டினார். -19.6. ஏழு டிபிக்கு மேல் கூடியிருக்கிறது. மூன்று டிபி கூடினாலே ஒளி இரட்டிப்பு, அந்தக் கணக்கில் முன்பு வந்ததைப்போல் ஐந்து மடங்கு. "தூண்ல கட்டினது யாருண்ணே தெரியல" என்றார் லைன்மேன். யாராக இருந்தாலும், தெருவில் நின்று ஒரு நிமிடத்தில் செய்த முடிச்சு அது.

இரண்டாம் துண்டில்தான் எனக்கு வருத்தம். என் லேப்டாப்பை வயர் வழியாக, ரவுட்டர் செருகியிருந்த அதே போர்ட்டில் மாட்டினேன். 94 எம்பிபிஎஸ். திரும்பப் போட்டேன், 94. திட்டம் 300. ஈதர்நெட்டில், அதாவது வயர் இணைப்பில், 94, 95 என்ற எண் வந்து நின்றால் அது நெட்டின் வேகம் இல்லை, 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் உச்சவரம்பு. பெட்டியைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். இரண்டு போர்ட் உள்ள ஓஎன்டி. முதலாவது ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், இரண்டாவது வெறும் 100. ரவுட்டர் இரண்டாவதில் இருந்தது. முதல் போர்ட்டுக்கு மாற்றினேன்: 291. ஏழு மாதம் 300க்குப் பணம் கட்டி 94 வாங்கியிருக்கிறார்கள். செலவு ஒரு பைசா இல்லை, ஒரு செருகியை அரை அங்குலம் தள்ளிச் செருகினால் போதும் என்று நான் சொன்னபோது வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் துண்டு வைஃபை. ரேழியில் -42 டிபிஎம். ஒரு சுவர் தாண்டிக் கூடத்தில் -61. இரண்டு சுவர் தாண்டி இரண்டாம் கட்டில் -78. கொல்லை அறையில் -88, அதுவும் வருவதும் போவதுமாக. வீடியோ பேச்சு தடையில்லாமல் ஓட -67க்குக் குறையாமல் வேண்டும் என்பது நாங்கள் பிடித்துக்கொள்ளும் அளவுகோல். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தவை ரேழியும் கூடமும் மட்டும். சம்பாதிக்கும் இரண்டு இடமும் வெளியே.

எக்ஸ்டெண்டர்கள் இதைச் சரிசெய்யவில்லை, மோசமாக்கின. பலவீனமான சிக்னலை வாங்கி, அதே சேனலில் திரும்ப ஒலிபரப்பும் பெட்டி அது. ஒரே அலைக்கருவி வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கொல்லை அறைக்குப் போய்ச் சேர மூன்று தாவல். போனில் மட்டும் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் எக்ஸ்டெண்டர் இருக்கிறது. அந்தக் கோடுகளை நம்பித்தான் "சிக்னல் ஃபுல்லா இருக்கு, கம்பெனிதான் சரியில்ல" என்று மூன்று வருடம் போராடியிருக்கிறார்கள்.

பொதுச் சுவர் வீடுகள் என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸில் தெருவே வந்து நின்றது. கூடத்தில் நின்று எண்ணியதில் 23 வைஃபை பெயர்கள். அந்த அலைவரிசையில் ஒன்றை ஒன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். சிலர் 3, 4 என்று நடுவில் உட்கார்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் கெட்டுப்போயிருந்தது.

முன்பு ஓர் எலக்ட்ரீஷியன் ரேழியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவைத்திருந்தார். மெதுவாக இருக்கிறது என்று யாரும் பயன்படுத்தவில்லை. டெஸ்டரில், கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் உரிய விளக்குகள் எரியவில்லை. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டாலும் இரண்டு ஜோடியில் ஓடும் 100க்கு இறங்கிவிடும். முனையை வெட்டி ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. வளைத்தால் ஒடியும் ரகம், ஒடிந்துதான் இருந்தது.

எடுத்த முடிவுகள்

வீட்டுக்காரர் ஏற்கெனவே மூன்று பெட்டியும் தங்களுக்குள் வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் மெஷ் ஒன்றை வாங்கத் தேர்ந்து வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். மெஷ் கெட்டது என்று இல்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அதே ஒன்றரை அடிச் சுவர் நிற்கும்போது எக்ஸ்டெண்டருக்கு வந்த கதிதான் அதற்கும், கொஞ்சம் நாகரிகமாக வரும். அடுக்குமாடி வீட்டின் அரையடிச் சுவருக்கு நான் மெஷ் போட்டிருக்கிறேன். இங்கே வயர்தான் சுவரைத் தாண்டவேண்டும், வைஃபை அந்தந்த அறைக்குள் மட்டும் பேசவேண்டும்.

வயர் என்றதும் பெரியவர் ஊஞ்சலை நிறுத்தினார். "தம்பி, இந்தச் சுவர்ல உளி படக் கூடாது. எங்க தாத்தா கட்டினது" என்றார். அந்த வார்த்தையை மீற எனக்கு மனம் இல்லை, தேவையும் இல்லை. சுண்ணாம்புச் சுவரை வெட்டினால் அரையடி வெட்டில் இரண்டடி பெயரும். முற்றத்தைச் சுற்றி ஓடும் மரச்சட்டத்தின் மேல்புறம், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி பிவிசி குழாயில் கேபிளை விடுவது என்று முடிவு. அறைக்கு அறை தாண்டக் கதவு நிலைக்கு மேலே காற்றுக்கு விட்டிருந்த துவாரங்கள் இருந்தன. குழாய் இல்லாமல் போடலாமே, செலவு குறையுமே என்று கேட்டார்கள். ஓடு இறங்கும் இடத்தில் எலியும் அணிலும் இருக்கின்றன. வெறும் கேபிள் ஒரு மழைக்காலம் தாங்காது.

கேபிள்: முழுச் செம்பு கேட் 6, சுருளிலிருந்து 90 மீட்டர் வெட்டி வாங்கினோம். கூடத்துக்கு 12 மீட்டர், இரண்டாம் கட்டுக்கு 25, கொல்லை அறைக்கு 45. ஈதர்நெட்டுக்கு ஒரே ஓட்டம் 100 மீட்டர்வரை போகலாம், அதனால் நீளத்தில் கவலை இல்லை. கடைக்காரர் காட்டிய முதல் சுருளையும் பிளேடால் சுரண்டித்தான் வாங்கினேன்.

வயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் இரண்டு, வைஃபை 6 ரகம். ஒன்று கூடத்தில், முற்றத்து விளிம்புச் சட்டத்தில். முற்றம் இந்த வீட்டுக்குக் கிடைத்த வரம்: வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் முட்டி நிற்கும், திறந்த வெளியில் தடையில்லாமல் போகும். முற்றத்தின் எதிர்க் கோடியில்கூட -55 கிடைத்தது. இன்னொன்று இரண்டாம் கட்டில், வகுப்பு எடுக்கும் மேசைக்கு நேர் மேலே. கொல்லை அறையில் கணவரின் லேப்டாப்புக்கு நேர் வயர். போனுக்காக அவர்களிடம் சும்மா கிடந்த பழைய ரவுட்டரையே, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்தி, ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றினேன்.

மின்சாரம் பற்றி நிறைய யோசித்தேன். நோட்டில் இருந்த ஒன்பது பதிவுக்கும் காரணம் எளிது: இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் ரேழியின் அந்தப் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. கரண்டு போனால் மோடம் செத்து, வந்தபிறகு எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம். இன்வெர்ட்டர் லைனை அங்கே இழுத்தால்கூட, மாறும் அந்தக் கணத்தில் சில மோடம் மறுதொடக்கம் ஆகும். அதனால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ். ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு லேன் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச், அதுவும் ரேழியில், இன்வெர்ட்டர் லைனில். கூடத்திலும் இரண்டாம் கட்டிலும் அடாப்டர் மாட்டப் பிளக் தேடவேண்டாம். ஓர் இடத்தைக் காப்பாற்றினால் போதும்.

கம்பெனியிடம் கேட்டு ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது வெறும் பாலமாக மட்டும் இருக்கும்படி, மாற்றி வாங்கினோம். பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் நம் ரவுட்டரில். இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் தனித்தனியாக முகவரி மாற்றிக்கொண்டு கணவர் அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணையும் விபிஎன்னைப் படுத்தும்.

வேலை நடந்த இரண்டு நாள்

மார்ச் 9, 10. சிவராத்திரிக்கு மறுநாள், கண் விழித்த வீடு மதியம்வரை தூங்கியது, நான் மெல்ல நடந்தேன். முதல் நாள் குழாயும் கேபிளும். இரண்டாம் நாள் கிரிம்ப்பிங், அதாவது கம்பிகளை நிற வரிசையில் அடுக்கி முனையில் செருகி பொருத்துவது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பையன் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி இரண்டு முனையை அவனே போட்டான். முதல் முயற்சியில் பச்சையும் நீலமும் இடம் மாறிப் போயின. டெஸ்டரில் அதைப் பார்த்ததும், நான் சொல்வதற்குள் வெட்டிவிட்டு மறுபடி போட்டான்.

2.4 கிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒன்றுக்குச் சேனல் 1, இன்னொன்றுக்கு 11. 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149. எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். ஒலிபரப்பு வலிமையை நடுத்தரத்துக்குக் குறைத்தேன். அதிகம் வைத்தால் போன் கூடத்து ஆக்சஸ் பாயின்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டே இரண்டாம் கட்டுக்குப் போகும். எக்ஸ்டெண்டர் மூன்றையும் கழற்றினேன்.

அன்று மாலை: கூடத்தில் 280, இரண்டாம் கட்டில் 270, கொல்லை அறையில் வயர் வழி 289. ரவுட்டர், ஸ்விட்ச், இரண்டு ஆக்சஸ் பாயின்ட், கேபிள், குழாய், யூபிஎஸ் சேர்த்துப் பொருள் செலவு சுமார் 19,000 ரூபாய்.

மீதியிருந்த ஏழு மணிக் கோளாறு

நான்கு நாள் கழித்து அந்த அம்மா அழைத்தார். காலை வகுப்பு அருமை, இரவு ஏழு மணி வகுப்பு இன்னும் நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் தலைகுனிவாகத்தான் இருந்தது. நோட்டிலேயே அது தனியாக நின்றது, வைஃபை சரியானால் அதுவும் சரியாகும் என்று நானே கருதிக்கொண்டேன்.

ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். சும்மா இருக்கும்போது பிங், அதாவது ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரம், 8 மில்லிசெகண்ட். ஏழே காலுக்கு 260, 310, 280. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். பையன் டியூஷன் முடிந்து வந்து போனைச் சார்ஜில் போட்டான். பெரியவரின் மனைவி கோயிலிலிருந்து வந்து தன் போனைச் சார்ஜில் போட்டார். சார்ஜும் வைஃபையும் சேர்ந்ததும் இரண்டு போனும் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கின. இறக்கம் 300 என்று விற்கும் இந்தத் திட்டத்தில் மேலேற்றம் 30தான். அந்த 30ம் நிரம்பியதும் மிச்சம் எல்லாம் வரிசையில் காத்து நிற்கிறது. ஆசிரியரின் குரல் சின்னச் சின்னப் பொட்டலம். அது கோயில் வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது. ரேஷன் கடையில் மூட்டை நிறுக்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க நிற்பது மாதிரி.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010ஐ ஒட்டி இதைப் பற்றிப் பரவலாகப் பேசத் தொடங்கினார். நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஆனது: ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை, எந்த வரிசையும் தேங்க விடாமல் காவல். நான் போட்ட ரவுட்டரில் அந்த வசதி இருந்தது, திறக்காமல் விட்டிருந்தேன். மேலேற்றத்தை 27க்கு வரம்பிட்டுத் திறந்தேன். வரிசை கம்பெனியின் பெட்டியில் தேங்காமல் நம் ரவுட்டரில் நிற்கவேண்டும், அப்போதுதான் நாம் அதை ஒழுங்கு செய்யலாம். அதற்காக அந்த மூன்று எம்பிபிஎஸை விட்டுக்கொடுப்பது. இரண்டு போனும் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பிங் 14க்கு வந்தது. அந்த வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தை நான் அறை வாசலில் நின்று கேட்டேன். தோஹாவிலிருந்து ஒரு குழந்தை பின்னங்களைக் கூட்டிச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

ஏப்ரலில் இன்னொன்று செய்தோம். திட்டத்தை 300இலிருந்து 100க்கு இறக்கச் சொன்னேன். மேலேற்றம் இரண்டிலும் ஒன்றுதான். வரம்பை 90க்கும் 27க்கும் மாற்றினேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு மாதம் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மே மாத இடி: என் தவறு

மே மூன்றாம் வாரம் கோடைமழை. மாலை ஐந்து மணிக்குப் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. கொல்லை அறையில் இருந்த பழைய ரவுட்டரின் போர்ட், பிஓஇ ஸ்விட்சில் இரண்டு போர்ட், கணவரின் அலுவலகம் கொடுத்திருந்த, லேப்டாப்பைச் செருகும் டாக் பெட்டி, எல்லாம் ஒரே நொடியில் போயின. அவர் அப்போது அறையில் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

கிணற்றடியைத் தாண்டிப் பன்னிரண்டு மீட்டர் திறந்த வெளியில் நான் செம்புக் கேபிளை விட்டிருந்தேன். பிவிசி குழாய் மழையிலிருந்து காப்பாற்றும், இடியிலிருந்து காப்பாற்றாது. இதோடு, கொல்லை அறைக்கு ஏசி வைத்தபோது அங்கே தனி எர்த் குழி தோண்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு குழிகளுக்கும் நடுவில் மண்ணிலேயே மின்னழுத்த வித்தியாசம் எழும். அந்த இரண்டையும் இணைக்கும் சுலபமான வழி என் லேன் கேபிள்தான். தனி எர்த் இருப்பதை நான் கேட்கவே இல்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்பு விடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. ஒரே வீட்டுக் கொல்லை, இதென்ன இரண்டு கட்டடம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்விட்ச்சை என் செலவில் மாற்றினேன். கொல்லைக்குப் போகும் கேபிளை முழுக்க எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் இணைப்பி பொருத்தி வரும் 50 மீட்டர் ஃபைபர் போட்டேன். ஒளியை மின்சிக்னலாகவும் மின்சிக்னலை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் முனைக்கொன்று. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இங்கே ஒரு கவனம்: தெருவில் தொங்கும் ட்ராப் கேபிள் பலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஓடும். அது அறைக்குள் வந்தால் ஃபைபர் போட்ட பயனே இல்லை. இரும்பு இல்லாத, நார்ப்பிளாஸ்டிக் தாங்கி உள்ள ரகத்தைத் தேடி வாங்கினோம். கும்பகோணத்தில் கிடைக்காமல் திருச்சியிலிருந்து வந்தது. கன்வர்ட்டர்களும் கேபிளும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதலிலேயே போட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அதைவிட அதிகம்.

அதற்குப் பிறகு

ஆகஸ்டில் தெருவில் சாக்கடை தோண்டியபோது பொக்லைன் ஃபைபரை வாரிக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் நெட் இல்லை. வீட்டுக்குள் என்ன செய்து வைத்திருந்தாலும் வாசலுக்கு வெளியே அறுந்தால் அவ்வளவுதான். போன் ஹாட்ஸ்பாட்டில் ஒப்பேற்றினார்கள். அதன்பிறகு, வேறு கம்பத்து வரிசையில் வரும் இன்னொரு கம்பெனியின் மிகக் குறைந்த திட்டம் ஒன்றை எடுத்தார்கள். திட்டத்தை இறக்கியதில் மிச்சமானதே அதற்குக் கிட்டத்தட்டச் சரியாகப் போயிற்று. முதல் லைன் விழுந்தால் ரவுட்டர் தானாக இரண்டாவதுக்கு மாறும். மாறும்போது பேச்சு சில வினாடி நிற்கும், வகுப்பு கலையாது.

நவம்பர் கடைசி வாரம், ஃபெஞ்சல் புயல் உருவானபோது டெல்டாவில் கொட்டிய மழையில், ஒரு நாள் ஆறு மணி நேரம் கரண்டு இல்லை. மினி யூபிஎஸ் நாலு மணி நேரம் தாங்கியது. அதன்பிறகு பையன் அடாப்டரைக் கழற்றி, இன்வெர்ட்டர் லைனுக்கு ஒரு நீட்டிப்புப் பெட்டி இழுத்துக்கொண்டான். நான் யூபிஎஸ்ஸையே இன்வெர்ட்டர் லைனில் செருகியிருக்கவேண்டும். ரேழியில் அந்த லைனை ஸ்விட்ச்சுக்காக இழுத்தவன், பக்கத்துப் பிளக்கை யோசிக்கவில்லை.

இன்று செய்தால் எப்படிச் செய்வேன்

நோட்டை வாங்கிய பிறகு அதில் இருக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு காரணம் எழுதிவைப்பேன். காரணம் எழுதாத கூட்டம் ஒன்று மிஞ்சினாலும் வேலை முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஏழு மணிப் பதிவுகளுக்கு நான் அப்படி எழுதவில்லை.

வரிசை ஒழுங்கை முதல் நாளே திறப்பேன். வீட்டில் மேலேற்றம் எவ்வளவு என்பதை இறக்கத்துக்கு முன்னால் கேட்பேன்.

எர்த் எத்தனை என்று கேட்காமல் ஒரு மீட்டர் கேபிள்கூட வாசலுக்கோ கொல்லைக்கோ வெளியே விடமாட்டேன். மே மாதத்துக்குப் பிறகு திருவையாற்றுப் பக்கம் இரண்டு வீடுகளில் மாடிக்கும் தனிக் கட்டடத்துக்கும் நடுவில் ஃபைபர்தான் போட்டேன். ஒரு வீட்டில் செலவு கூடுகிறதே என்று தயங்கினார்கள். மே மாத இடியில் கருகிய அந்த ஸ்விட்ச்சை எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

கும்பகோணத்து வீட்டில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. போன முறை போனபோது திறந்து பார்த்தேன். நெட் கணக்கில் கடைசிப் பதிவு ஆகஸ்ட், பொக்லைன் வந்த நாள். அதற்குக் கீழே பால் கணக்கு முன்பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது.